பள்ளியாண்டு நிறைவும் பிரிவுபசாரமும்

தலைநகரில் குளிர் விலகி, சாலையோரத்து இலவ மரங்கள் இலையுதிர்த்துச் செம்மலர் சூடி நிற்கும் நாட்களில், நம் இல்லங்கள்தோறும் ஒரே பேச்சாக இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எத்தனை தேர்வு மிச்சமிருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்புப் பெண் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள், அலுவலகத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டதா, மே மாதத்தில் ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்குமா என்பனவே அப்பேச்சு. முன்பு நான்கு மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்யக்கூடியதாக இருந்த ரயில் இடத்தை, 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்பே பதிவு செய்ய இயலும் என்று ஆக்கிவிட்டபடியால், மே மாதப் பயணத்தின் கவலையும் இந்த மார்ச்சுத் திங்களிலேயே வந்து சேர்ந்துகொள்கிறது. இத்தனை கவலைகளுக்கும் நடுவே பள்ளிக்கூடங்களில் பிரிவுபசார விழாக்கள் நடந்தேறுகின்றன. அவற்றைக் குறித்தும், அவற்றில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு பிரிவைக் குறித்தும், நம் குடும்பங்களோடு சில சொற்கள் பேச விழைகிறோம்.

முன்னோர் வைத்த வித்து

தில்லியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி வேண்டுமென்ற எண்ணம் நூறாண்டுகளுக்கு முற்பட்டது. மத்திய சர்க்காரின் அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் பணிபுரிய வந்த தென்னாட்டார், கோடையில் அலுவலகங்களோடு சிம்லா மலைக்கும், குளிர்காலத்தில் மீண்டும் தில்லிக்குமாக அலைந்த காலம் அது. அக்காலத்தில், 1923-ஆம் ஆண்டில், அவர்கள் கூடி மதராஸி கல்விக் கழகம் என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அதுவே பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து, இன்று மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், பூசா சாலை, மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழு இடங்களில் பள்ளிகளை நடத்தி வருகிறது. பம்பாயில் மாதுங்காப் பகுதியில் குடியேறிய தென்னாட்டார் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இதே வேட்கையால்தான்.

ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் மத்திய சர்க்கார் ஊழியரின் பிள்ளைகளுக்காகவே, 1963-64 கல்வியாண்டில் இருபது ராணுவப் பள்ளிகளை ஏற்றுக்கொண்டு மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. கேந்திரிய வித்யாலயம் என்று நாம் இன்று அழைப்பவை அவையே. எந்த ஊரில் சேர்ந்தாலும் அதே பாடம், அதே புத்தகம் என்ற வசதியை அவை அளித்தன. நம்மவருள் பாதிப் பேராவது ஏதோ ஒரு காலத்தில் அவற்றின் வாயிலை மிதித்தவர்களாகத்தான் இருப்பர்.

இப்பள்ளிகளுக்கும் ஊரிலுள்ள பள்ளிகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஊரில் பள்ளிக்கூடம் முடிந்து வெளியே வந்தால் தெருவில் தமிழ் இருக்கிறது. கடைப் பலகையிலும், பேருந்தின் நெற்றியிலும், தேநீர்க் கடையில் கிடக்கும் செய்தித்தாளிலும் தமிழ் எழுத்து கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். படிப்பை நிறுத்திய பிள்ளைக்குக்கூட எழுத்து மறப்பதில்லை. இங்கே பள்ளியின் வாயிலைத் தாண்டினால் பலகைகள் எல்லாம் வேறு எழுத்தில். ஆகவே பள்ளியைப் பிரிவது என்பது, நம் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைப் பிரிவதாகவும் ஆகிவிடுகிறது. நாம் கவனிக்கத் தவறும் பிரிவு என்று மேலே கூறியது இதனையே.

விழா மண்டபத்திலே

பன்னிரண்டாம் வகுப்பாருக்குப் பதினொன்றாம் வகுப்பார் விடை கொடுக்கும் வழக்கம் எங்கும் உள்ளது. பொதுத்தேர்வுகள் தொடங்குமுன், ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ இது நடைபெறும். அன்று பெண் பிள்ளைகள் முதன்முறையாகப் புடைவை உடுத்தி, அன்னையரின் நகைகளை அணிந்து, நடக்கத் தெரியாமல் நடந்து வருவதைக் காண்பதே ஒரு காட்சி. பையன்களில் சிலர் கோட்டு அணிந்து வருவர். நம் பள்ளிகளிலோ வேட்டி கட்டி வருவோரும் உளர். இடுப்பில் நிற்காத வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மேடையேறும் அவர்களைப் பார்த்து, சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் ஊழியர்கள்வரை எல்லோரும் சிரிப்பர். வெள்ளைச் சட்டையில் ஒருவர்க்கொருவர் கையெழுத்திட்டுக் கொள்வதும், குழுவாக நின்று படம் எடுத்துக்கொள்வதும், ஆசிரியருக்குப் பட்டப்பெயர் சூட்டிப் பாடுவதும் தவறாமல் நடக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரத்துப் பள்ளி ஒன்றில் நடந்த அத்தகைய விழாவுக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். மாணவர் சார்பில் நன்றி கூற ஒரு பையன் எழுந்தான். நல்ல தமிழில், தெளிவான குரலில், ஐந்து நிமிடம் பேசினான். பெற்றோர் பகுதியில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கீழே இறங்கி வந்தவனைத் தமிழாசிரியை அருகே அழைத்து, “தாளைக் காட்டப்பா” என்று கேட்டார். அவன் சற்றுத் தயங்கிக் கொடுத்தான். முழுப் பேச்சும் தேவநாகரி எழுத்தில் எழுதப்பட்டிருந்தது! சொல் தமிழ், எழுத்து ஹிந்தி. எட்டாம் வகுப்போடு தமிழ்ப் பாடத்தை விட்டுவிட்ட பையன் அவன். எட்டாண்டுக் காலம் எழுதிப் பழகிய எழுத்து, அதன் பிறகு நான்கே ஆண்டுகளில் விரலை விட்டு நழுவிப் போயிருந்தது.

அந்த அம்மையார் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “பேச்சு மிக நன்றாயிருந்தது, கண்ணா. இதையே நம் எழுத்தில் எழுதி எனக்குத் தபாலில் அனுப்பு. பிழை இருந்தால் இருக்கட்டும், நான் திருத்தி உனக்குத் திருப்பி அனுப்புகிறேன்” என்று கூறித் தம் வீட்டு முகவரியை அத்தாளின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, “சரி மேடம்” என்றான். பக்கத்தில் நின்ற அவன் தந்தையார், “நாங்கள்தாம் மதிப்பெண்ணுக்காக மொழியை மாற்றச் சொன்னோம், அம்மா” என்று மெல்லிய குரலில் கூறினார். அதற்கு மேல் அங்கே எவரும் எதுவும் பேசவில்லை.

விழா எடுக்கப்படாத பிரிவு

அந்தத் தந்தையாரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. நம் இல்லங்களில் பலவற்றில் இதுவே நடந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும் மார்ச்சில், ஒன்பதாம் வகுப்பிற்கு எந்த மொழி என்று குறித்துத் தரும்படி ஒரு தாள் வீட்டுக்கு வருகிறது. எதில் மதிப்பெண் எளிதில் கிடைக்கும், எந்த மொழிக்குத் தனிப்பயிற்சி ஆசிரியர் அருகில் கிடைப்பார் என்று தாயும் தந்தையும் இரவு உணவின்போது ஆலோசிக்கின்றனர். மறுநாள் தாளில் ஒரு குறி இடப்படுகிறது. அக்குறியோடு அந்தப் பிள்ளையின் தமிழ்க் கல்வி முடிந்துபோகிறது. இப்பிரிவுக்கு மாலையில்லை, படமில்லை, சொற்பொழிவுமில்லை. தான் விடைபெற்றுவிட்டோம் என்பதை அந்தப் பிள்ளையே அறிவதில்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழும் ஒரு பாடமாக இருந்து வருகிறது. ஆகவே தமிழை எடுத்துக்கொண்டால் சான்றிதழில் குறைவு வந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டுவதில்லை. வீட்டில் பேசும் மொழியாதலால், முறையாகப் பயின்றால் அதில் நல்ல மதிப்பெண் பெறுவதும் அரிதன்று. எழுத்துக்கள் 247 என்று கேட்டு மலைப்பவர்கள், உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆய்தம் ஒன்றுமாக முப்பத்தொன்றை அறிந்தால் மற்ற 216-உம் அவற்றின் சேர்க்கையே என்பதை நினைவிற் கொள்ளலாம். ஆறு வயதில் அதனைக் கற்றுக்கொண்ட பிள்ளை, பதினான்கு வயதில் அதனைக் கைவிட வேண்டிய தேவை என்ன?

இன்னொன்றும் கருதத்தக்கது. ஒரு வகுப்பில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தால் தனி வகுப்பு நடக்கும். பதினைந்தாகக் குறைந்தால் இரு பிரிவுகளைச் சேர்த்து நடத்துவர். ஐந்தாகக் குறைந்தால், தமிழாசிரியர் ஓய்வு பெறும்போது அவ்விடத்தை நிரப்ப வேண்டுமா என்ற கேள்வி எழும். இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். ஒரு வீட்டில் இடப்படும் ஒரு குறி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த ஆண்டு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு இருக்குமா இராதா என்பதையும் அக்குறியே தீர்மானிக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் தில்லியில் 80,000-க்கு மேற்பட்டோர். இத்தனை பேர் வாழும் நகரில், வகுப்பிற்குப் பிள்ளை இல்லை என்ற நிலை வருமானால் அது நம்மால் வந்ததாகத்தான் இருக்கும்.

மாற்றலாகிச் செல்வோர் கவனத்திற்கு

ஆண்டு முடிவில் விடைபெறுவோரில் மற்றொரு சாரார், தந்தையின் அல்லது தாயின் மாற்றலால் இடையிலேயே பள்ளியை விட்டுச் செல்லும் சிறு பிள்ளைகள். மூன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் இருக்கும் இவர்களுக்கும் விழா இல்லை. வெள்ளிக்கிழமை வந்த தோழன் திங்கட்கிழமை வரவில்லை என்பதோடு முடிந்துவிடும். இக்குழந்தைகளுக்காக வகுப்பாசிரியர் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எல்லோரும் கையொப்பமிட்ட ஒரு வாழ்த்து அட்டையைக் கொடுத்து அனுப்பினால், அதனை அக்குழந்தை ஆயுள் முழுதும் வைத்திருக்கும்.

பெற்றோர் அறிய வேண்டியவை சில உண்டு. மாற்றுச் சான்றிதழைக் கேட்டு எழுத்து மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். நூலகப் புத்தகங்களையும், கட்டண பாக்கியையும் முன்னதாகவே தீர்த்துக்கொண்டால் அலைச்சல் குறையும். பிறந்த தேதியும், பெயரின் எழுத்தும், தந்தை தாயார் பெயர்களும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதை வாங்கும் இடத்திலேயே நின்று சரிபார்த்துக்கொள்ளுதல் நலம். நம்மவர் பெயரில் தலைப்பெழுத்து முன்னே வருவதும், வடநாட்டுப் பதிவேடுகளில் தந்தை பெயர் குடும்பப் பெயராகப் பின்னே போய் நிற்பதும் தீராத சங்கடம். ஆயிரம் மைல் கடந்து சென்ற பின் இப்பிழையைத் திருத்துவது எளிதன்று.

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பை அளிக்கிறது. அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறிச் செல்லும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் தாமதமின்றி மாற்றுச் சான்றிதழ் வழங்கவேண்டும். சான்றிதழ் வந்துசேரத் தாமதமாயிற்று என்ற காரணத்தால் புதிய பள்ளி சேர்க்கையை மறுத்தலோ தள்ளிவைத்தலோ கூடாது என்றும் அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு கூறுகிறது.

தமிழ்நாட்டிற்கே திரும்பும் குடும்பங்கள் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, காலக்கணக்கு. தில்லியில் ஏப்ரலில் புது வகுப்புத் தொடங்கி, மே இடையில் கோடை விடுமுறை விட்டு, ஜூலையில் பள்ளி திறக்கும். அங்கே ஜூனிலேயே பள்ளி தொடங்கிவிடும். விடுமுறை முடியட்டும் என்று காத்திருந்தால் பிள்ளை ஒரு மாதப் பாடத்தை இழக்க நேரும். மற்றொன்று, மொழி. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி, முதல் வகுப்பு முதற்கொண்டு படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. 2015-16 முதல் மத்திய வாரியப் பள்ளிகள் போன்ற பிற வாரியப் பள்ளிகளுக்கும் அவ்விதி படிப்படியாக நீட்டிக்கப்பட்டது. வெளி மாநிலத்தில் தமிழ் படியாது வளர்ந்த பிள்ளை ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ அங்கே போய்ச் சேரும்போது, தன் வயதிற்கு இளையோர் படிக்கும் எழுத்தைத் தான் படிக்க இயலாமல் கூசுகிறது. தாய்நாட்டிற்குத் திரும்பிய குழந்தை, அங்கேயும் அயலாகிவிடுகிறது. இங்கே தமிழ் வகுப்பில் விடாது அமர்ந்திருந்த பிள்ளைக்கு இந்தத் துன்பம் இல்லை.

பணி நிறைவு பெறுவோர்

ஆசிரியர்கள் ஓய்வு பெறுவது பெரும்பாலும் அவர்கள் பிறந்த மாதத்தின் கடைசி நாளில். ஆகவே அக்டோபரில் ஓய்வு பெற்றவரும் பிப்ரவரியில் ஓய்வு பெற்றவரும் உண்டு. அரையாண்டுப் பரபரப்பில் ஒரு சால்வையும் ஒரு தட்டு இனிப்புமாக அவர்களுடைய விடைபெறல் முடிந்துவிடும். ஆண்டு நிறைவு விழாவில் அவ்வாண்டு ஓய்வு பெற்றோர் அனைவரையும் மீண்டும் அழைத்து, பழைய மாணாக்கரையும் வரச்செய்து, ஒருங்கே சிறப்பிப்பது மிகப் பொருத்தமாக இருக்கும். முப்பதாண்டு, முப்பத்தைந்தாண்டு இந்நகரத்தின் வெயிலிலும் பனியிலும் நின்று, தம் பிள்ளைகளுக்குக் கற்பித்ததைவிட நம் பிள்ளைகளுக்கு மிகுதியாகக் கற்பித்தவர்கள் அவர்கள்.

ஆசிரியரோடு நின்றுவிடாமல், மணி அடிப்பவரையும், வாயிற்காவலரையும், சிறு வகுப்பு ஆயாமாரையும், பள்ளிப் பேருந்து ஓட்டுநரையும் அன்று மேடைக்கு அழைக்கலாம். அவர்களில் பலர் இமயமலைச் சாரலிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து, நம் குழந்தைகளோடு பழகிப் பழகி “வாங்கோ”, “சாப்பிட்டாச்சா” என்று தமிழில் கேட்கக் கற்றுக்கொண்டவர்கள். அவர்களுக்கு நாம் கூறும் நன்றி அவர்களுடைய மொழியிலேயே இருக்கட்டும். அதுவே முறை.

இம்மாதம் நாம் செய்யத்தக்கவை

பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பமும் இம்மாதத்தில் செய்யக்கூடிய சில சிறு காரியங்களைக் கூறி முடிப்போம்.

முதலாவது, மொழித் தாளில் குறியிடும் முன், பிள்ளையின் தமிழாசிரியரை ஒருமுறை நேரில் கண்டு பேசுங்கள். பிள்ளைக்கு எங்கே தடுமாற்றம் என்பதை அவரே அறிவார். ஒற்று மிகும் இடமும் ல, ள, ழ வேறுபாடும்தான் சிக்கலென்றால், அதற்காக ஒரு மொழியையே கைவிட வேண்டியதில்லை.

இரண்டாவது, முடிந்த வகுப்பின் தமிழ்ப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரனிடம் எடை போட்டு விற்றுவிடாதீர்கள். அட்டை கிழிந்திருந்தால் ஒட்டி, அடுத்த ஆண்டு அவ்வகுப்பிற்கு வரும் பிள்ளையிடம் சேர்ப்பியுங்கள். மத்தியானத்தில் ஒருமணி நேரம் ஓய்வுள்ள தாய்மார் இருவர் முன்வந்தால், ஒரு குடியிருப்பு முழுவதற்கும் இப்பணியைச் செய்துவிட முடியும்.

மூன்றாவது, கோடையில் ஊருக்குச் செல்லும் பிள்ளைகளை, அங்குள்ள பாட்டி தாத்தாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டும்படி செய்யுங்கள். முதல் நாள் தலைப்பு மட்டும் போதும். கண் மங்கிய பாட்டிக்குப் பேரன் படித்துக் காட்டும் செய்தி உலகச் செய்தியாக இருக்க வேண்டியதில்லை. அன்றைய தங்க விலையாக இருந்தாலும் அவருக்கு மகிழ்ச்சியே.

நான்காவதாக, பள்ளியை விட்டுச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் தன் தமிழாசிரியருக்குத் தமிழ் எழுத்தில் ஒரு கடிதம் எழுதட்டும். ஒரு பக்கம் போதும். அலைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவது ஒரு நொடி வேலை. அதனை ஆசிரியர் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். கையால் எழுதிய கடிதத்தையோ அவர் மடித்து வைப்பார். எழுதத் தொடங்கிய பின்னரே, எந்த எழுத்து நினைவில் இருக்கிறது, எது மறந்துபோயிற்று என்று பிள்ளைக்கும் தெரியவரும். மறந்ததை அன்றைக்கே தாயிடமோ தந்தையிடமோ கேட்டுக்கொள்ளலாம். பெற்றோருக்கும் மறந்திருந்தால், மூவருமாகப் பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அப்படி ஒரு மாலைப்பொழுது கழியுமானால் அதைவிட நல்ல பிரிவுபசாரம் வேறில்லை.

சிம்லாவுக்கும் தில்லிக்குமாகப் பெட்டி கட்டிக்கொண்டு அலைந்த குறைந்த சம்பளக்காரர்கள், தம் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வகுப்பறை வேண்டுமென்று கேட்டு உழைத்தனர். அவ்வகுப்பறை இன்று ஏழு இடங்களில் இருக்கிறது. அதில் வந்து அமரும் பிள்ளைகள் இருக்கும்வரை அது நிலைக்கும்.

இவ்வாண்டு தேர்வு எழுதும் மாணவ மாணவியர் யாவரும் நற்றேர்ச்சி பெறவும், வேறூர் செல்லும் குடும்பங்கள் அங்கே நல்ல அண்டை அயலாரைப் பெறவும், பணி நிறைவு பெற்ற ஆசிரியப் பெருமக்கள் உடல் நலத்தோடு நீடு வாழவும் நெஞ்சார வாழ்த்துகிறோம். சென்று வாருங்கள், செல்வங்களே! எங்கே இருப்பினும் கடிதம் எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள்.